முகவுரை எழுதிய வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் யான் எழுதிய ஒரு சிறு முகவுரையைப் பற்றியே இக்கட்டுரையிற் சொல்லப் புகுகின்றேன். அது பதினைந்து வரிகளுக்கு மேற்பட்டதன்று. அதிற் கற்பனைக்கு இடமில்லை, அணிநலத்துக்கும் இடமில்லை. ஆயினும், இக்கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த நாள் முதலாக யான் எழுதிய கட்டுரைகள் யாவற்றினும் எனக்கு மிகுந்த உழைப்பைத் தந்தது அதுவே. அதனை இருமுறை எழுதினேன். முதன்முறைக்கு ஓர் இரவு போதியதாயிருந்தது. இரண்டாம் முறைக்கு நான்கு மாலைப்பொழுதுகள் வேண்டியிருந்தன. அவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்ததைச் சொல்ல நாணமாகவே இருக்கின்றது.

என் தந்தையாரின் தமக்கையாரை யான் அத்தை என்றழைப்பேன். அவர் சமவெளியில் ஒரு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அதன்பின் மாமாவும் அவரும் கொடைக்கானலுக்கு அணித்தாய், வில்பட்டிக்குச் செல்லும் வழியில், பழைய ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதில் ஒரு நல இல்லம் நடத்தி வருகின்றனர். இல்லம் என்றதும் பெரிய மாளிகையை எண்ணிவிட வேண்டா. நான்கு அறைகள், பின்புறம் ஒரு வெந்நீர்க் கொட்டில், முன்புறம் ஒரு பேரிக்காய் மரம். மூட்டு வலியால் வருந்துவோர்க்கு எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தல், தலைப்பாரமும் மூக்கடைப்பும் உடையோர்க்குத் தைல மரத்து இலையை வெந்நீரிலிட்டு வேது பிடித்தல், பிள்ளை பெற்ற தாய்மாரின் உடம்பைப் பதமாகப் பிடித்துவிடுதல், உறக்கமின்றி வருவோரைக் காலையும் மாலையும் நடக்கச் செய்து இரவில் நேரத்தோடு படுக்கச் செய்தல் ஆகிய இவையே அங்கு நடைபெறுவன. பெண்டிரை அத்தை கவனிப்பார். ஆடவரை மாமா கவனிப்பார். உணவு, கஞ்சியும் கீரையும் பூண்டு இரசமுமாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்ததை மாமா வருவோரிடமெல்லாம், அப்பூண்டைத் தாமே கண்டுபிடித்தவர் போலச் சொல்லி மகிழ்வார்.

இக்காலத்தே மலைச்சாலையின் வளைவுதோறும் 'ஸ்பா' என்றும், 'வெல்னஸ்' என்றும், 'மூலிகை மசாஜ்' என்றும் பலகைகள் தோன்றிவிட்டன. அத்தையின் இல்லத்திற்குப் பலகையும் இல்லை. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு வருவதேயன்றி வேறு விளம்பரம் இன்று. அத்தையின் மகனார், எனக்கு அத்தான், கோயம்புத்தூரிற் கணினித் தொழில் செய்பவர். "பலகை வைத்தவரெல்லாம் பிழைக்கிறார்கள், அம்மா வருகிறவரைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்" என்று குறைபட்டு, இல்லத்தின் பெயரால் ஓர் இணையதளம் அமைத்தார். படங்கள் இட்டாயின, தொலைபேசி எண் இட்டாயிற்று. 'எங்களைப் பற்றி' என்னும் தலைப்பின் கீழ் மட்டும் ஒன்றும் இல்லை. "மாப்பிள்ளை, நீதான் தமிழைச் சிறப்பாகப் படிக்கிறாயே, விடுமுறைக்கு மலைக்கு வந்து அதை எழுதிக் கொடு" என்று எனக்குச் செய்தி விடுத்தார். தமிழ் படிப்பவனை ஒருவர் ஒரு வேலைக்கு அழைப்பது அடிக்கடி நிகழும் செயலன்று. யான் உடனே புறப்பட்டேன்.

மே மாதத் தொடக்கத்தில் வத்தலக்குண்டிற் பேருந்து ஏறினேன். கீழே காற்று அடுப்பங்கரையின் காற்றைப் போன்றிருந்தது. டம் டம் பாறையருகே, எதிர்மலையில் தலையாற்று அருவி நூலிழையாய்த் தொங்கக் கண்டேன். பெருமாள்மலை கடந்ததும் சன்னலை மூடச் சொல்லிப் பின்னிருந்தவர்கள் கூவினர். வெள்ளி நீர்வீழ்ச்சியண்டை வண்டி சற்று நின்றது. 1863-ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு என்பார் அமைத்த கொடைக்கானல் ஏரியின் மிகுநீரே அவ்வருவியாக விழுகின்றது. ஏரி மனிதன் ஆக்கியது. ஆகவே அருவியும் ஓரளவுக்கு அவ்வாறே. இவ்வெண்ணம் அன்று எனக்குத் தோன்றவில்லை. வானளாவும், தவழும், உலவும் என்னும் பெயரெச்சங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

முகவுரைக்குத் தோற்றுவாயாக ஊரின் வரலாற்றையும் படித்து வைத்திருந்தேன். 1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் படைத்துறை அதிகாரி இம்மலைகளை அளந்தார். 1834-ஆம் ஆண்டு மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர், வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தம் குழந்தைகளையும் வாழ்க்கைத் துணைவரையும் பறிகொடுத்து, குளிர்ந்த இடம் ஒன்றைத் தேடினர். முதலிற் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர் இன்னும் உயரத்தே, ஏறத்தாழ 7,000 அடியில், 1845-ஆம் ஆண்டு கொடைக்கானலில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினர். அக்காலத்தில் வண்டி செல்லும் சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கமிருந்து நடந்தும், மட்டக்குதிரைமீதும், கூலியாட்கள் சுமந்த நாற்காலியில் அமர்ந்தும் ஏறினர். ஏறியவர் பிழைத்தனர். மலைக்காற்றே மருந்து என்று நம்பினர். எனவே அவ்வூரே ஒரு நல இல்லமாகத்தான் பிறந்தது. என் முகவுரைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

அன்றிரவு எழுதியதை மறையாமல் ஈண்டுத் தருகின்றேன்:

"வானளாவும் பழனி மலைத்தொடரின் மடியில், மாசற்ற தென்றல் மூலிகை மணம் சுமந்து தவழ, குறிஞ்சி மலர்ந்து குளிர்முகில் உலவும் கொடைக்கானலில், போகர் முதலிய சித்தர் பெருமக்கள் வழிவந்த அரிய முறைகளாலும், பண்டைத் தமிழர் போற்றிய தைல மரத்தின் தண்மையாலும், தீராத பிணிகளையெல்லாம் தீர்த்து, தேயாத நலத்தைச் சேர்த்து, வாடிய மேனியை வளமுறச் செய்யும் திருவிடம் எம் இல்லம். மருந்தால் ஆகாததும் மலையால் ஆகும். வருக! வாழ்வு பெறுக!"

படித்துக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக் கேட்டு, "கச்சேரி கேட்பது போல இருக்கிறது" என்றார். 'மருந்தால் ஆகாததும் மலையால் ஆகும்' என்னும் வரியை அத்தான் தொலைபேசியில் இருமுறை சொல்லச் சொன்னார். மகர மோனை அமைந்ததில் எனக்கும் உள்ளூறப் பெருமையே. அத்தை அப்போது பூம்பாறையில் ஒரு துக்க வீட்டிற்குச் சென்றிருந்தார். அவர் திரும்பி வருமுன்பே அவ்வுரை இணையதளத்தில் ஏறிவிட்டது. வந்த பின்னரும் அவர் அதனைப் பார்க்கவில்லை. "தம்பி எழுதியிருந்தால் நன்றாகத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கஞ்சி வைக்கப் போய்விட்டார்.

பதினெட்டு நாட்கள் சென்றன. வருவோர் தொகை கூடியது. அத்தான் மகிழ்ந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரியகுளத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு பெரியவர் மருமகளோடு முதற்பேருந்தில் வந்து சேர்ந்தார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். வெள்ளை வேட்டியும் தோளிற் கம்பளித் துண்டுமாய், ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடக்கால் பழைய துணியாற் சுற்றப்பட்டிருந்தது. மருமகள் மட்டும் யாரையும் நிமிர்ந்து பாராமல் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை தரையிலமர்ந்து துணியை அவிழ்த்தார். அவிழ்க்கும்போதே நாற்றம் எழுந்தது. பெருவிரலுக்குப் பக்கத்து விரல் இரண்டும் கறுத்திருந்தன.

"வலிக்கிறதா, ஐயா?"

"வலியே இல்லை, அம்மா. அதனால்தான் பயமும் இல்லை."

அத்தை அவர் முகத்தைப் பார்க்காமல், "சர்க்கரை உண்டா?" என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக உண்டாம். மாத்திரை? உண்டாம், ஆனால் ஒன்பது நாட்களாக நிறுத்திவிட்டாராம். ஏன் என்று கேட்டபோது பெரியவர் சிரித்தார். பேத்தி கைபேசியிற் படித்துக் காட்டினாளாம். 'மருந்தால் ஆகாததும் மலையால் ஆகும்' என்று மனப்பாடமாகவே சொன்னார். "இத்தனை ஆண்டாக மருந்தால் ஆகவில்லை அல்லவா? மலைக்கு வருமுன் உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம் என்று நிறுத்தினேன்" என்றார். எதுகை மோனை பிசகாமல் என் வரியை அவர் சொல்லக் கேட்டு யான் கதவோரத்தில் நின்றேன்.

சர்க்கரை அளக்கும் சிறு கருவி ஒன்று அத்தையிடம் இருந்தது. அதில் எண் தோன்றவில்லை. அளவுக்கு மிஞ்சியது என்பதற்குரிய இரண்டு எழுத்துகளே தோன்றின. அத்தை ஒரு சொல்லும் பேசாமல் மாமாவை ஜீப்புக்கு அனுப்பினார். பெரியவருக்கு ஒத்தடமும் கொடுக்கவில்லை, எண்ணெயும் தொடவில்லை. அவருக்கோ பெரிய ஏமாற்றம். "இவ்வளவு தூரம் வந்து ஒரு வேதாவது பிடித்துக்கொள்ளாமல் போவதா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். யான் முன்னிருக்கையில் ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அவர் உயிர் பிழைத்தார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டனர். இன்னும் ஐந்தாறு நாள் தாழ்த்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்திருக்கும் என்று டாக்டர் அத்தையிடம் சொன்னாராம்.

அன்றிரவு அத்தை அடுப்படியில் என்னை உட்காரச் செய்து சோறிட்டார். யான் உண்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பின்பு, "தம்பி, அந்த வரி உன்னுடையதா?" என்றார். ஆம் என்றேன். "அத்தான் சேர்த்ததோ என்று நினைத்தேன்" என்றார். அவ்வளவே. வைதிருப்பாரானால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். மறுநாட் காலை அத்தானோடு அவர் பேசினார். நண்பகலுக்குள் என் முகவுரை மறைந்தது. மாலையில், "இனி எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுது. ஒவ்வொரு சொல்லாகச் சொல், நான் உண்டு, இல்லை என்கிறேன்" என்றார். வேறொருவரைக்கொண்டு எழுதுவிப்பார் என்றே எண்ணியிருந்தேன். அவர் அப்படிச் செய்யாததை இன்றும் நினைத்துப் பார்க்கின்றேன்.

முதல் மாலை முழுதும் காற்றைப் பற்றியே கழிந்தது. மிஷனரிமார் பிழைத்தது மலைக்காற்றால் அன்றோ என்று யான் வாதித்தேன். அத்தை செவிலியர் பள்ளியிற் கற்றதை நினைந்து விடை கூறினார். அவற்றைப் பின்னர் நூலகத்திற் சரிபார்த்துக்கொண்டேன். மலேரியா என்னும் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். காற்றால் வருவது என எண்ணியே அப்பெயரிட்டனர். 1897-ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் என்பார் சிக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்ட பின்னரே உண்மை விளங்கலாயிற்று. குளிர் மிகுந்த இடத்தில் அக்கிருமி கொசுவின் உடலுள் வளர்ந்து முற்றுவதில்லை. வாந்திபேதியின் கிருமியை ராபர்ட்டு காக்கு என்பார் 1884-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிற் கண்டார். ஆகவே, மலையேறியவர்கள் விட்டு நீங்கியது கொசுவையும் கெட்ட நீரையுமே. "மலை அவர்களைக் குணப்படுத்தவில்லை, தம்பி. நோய் எட்டாத இடத்தில் அவர்களை வைத்திருந்தது. நோயோடு ஏறியவர்கள் சிலர் மேலேயும் இறந்திருப்பார்கள்" என்றார் அத்தை.

பிறகு அவரே வேறொன்று சொன்னார். அது எனக்குப் புதிது. தமிழ்க் கிறிஸ்தவராகிய டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பார் இங்கிலாந்திலே மெண்டிப்புக் குன்றுகளில் காசநோயாளர்க்கு ஓர் ஆரோக்கிய நிலையம் நடத்திப் புகழ்பெற்றவர். திறந்த வெளியும் தூய காற்றும் நல்லுணவும் ஓய்வுமே காசத்தைப் போக்கும் என்பது அவர் கொள்கை. தாய்நாடு திரும்பி 1928-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் அத்தகைய நிலையம் ஒன்றை நிறுவினார். இன்றும் அப்பகுதிக்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர் வழங்குகின்றது. அவர் நல்லவர், அன்று அறியப்பட்டவற்றுள் சிறந்ததையே செய்தவர். ஆனால் 1956-ஆம் ஆண்டு முதலாகச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. காசநோயாளர் இருநூற்றுவர்க்குச் சற்றுக் குறைவானவர்களைச் சீட்டுப் போடுவது போலப் பிரித்து, ஒரு பாதியினரை ஆரோக்கிய நிலையத்திலும், மறுபாதியினரை நெருக்கமும் வறுமையும் மிக்க அவர்தம் வீடுகளிலுமே வைத்து, இருதிறத்தார்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். நிலையத்திலிருந்தவர்க்குக் காற்றும் உணவும் ஓய்வும் மிகுதி. வீட்டிலிருந்தவர்க்கு அவை குறைவு. ஆயினும் வீட்டிலிருந்தவரும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தனர். 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று.

"அப்படியானால் காற்றுக்குப் பயனே இல்லையா, அத்தை?" என்றேன்.

"காற்று நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதற்காகத்தானே இங்கே வந்தேன்? நன்றாக இருக்கிறது என்று எழுது. குணமாக்கும் என்று எழுதாதே."

இரண்டாம் மாலை என் பெயரடைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 'குறிஞ்சி மலர்ந்து' என்றதற்கு மாமா நகைத்தார். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, 2018-ஆம் ஆண்டு பூத்தது, இனி 2030-இல்தான். "வருகிறவர் குறிஞ்சி எங்கே என்றால் அதுவரை இங்கேயே தங்கச் சொல்வாயா?" என்றார். 'பண்டைத் தமிழர் போற்றிய தைல மரம்' என்பது இன்னும் மோசமாயிற்று. யூக்கலிப்டஸ் ஆத்திரேலியா நாட்டு மரம். 19-ஆம் நூற்றாண்டிற்றான் நம் மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. பண்டைத் தமிழர் அதனைக் கண்டதே இல்லை. சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடத்தில் நின்று நிலத்தின் நீரை உறிஞ்சுகிறது என்று அம்மரத்தின்மீது குறையும் உண்டு. மூன்றாண்டு இலக்கியம் பயின்ற யான் திணையும் அறியாமல் மரமும் அறியாமல் எழுதியிருந்தேன்.

'மாசற்ற' என்னும் சொல்லில் அத்தை நெடுநேரம் தங்கினார். உடல் வெப்பத்தை அளக்கும் தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்று கொடைக்கானலில் 1980-களிலே தொடங்கப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே கிடந்தது தெரியவந்து, 2001-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016-ஆம் ஆண்டிலேதான். அத்தை தம் பணிக்காலமெல்லாம் தெர்மாமீட்டரை உதறி உதறி நோயாளர் நாவின்கீழ் வைத்தவர். "ஒருவர் காய்ச்சலைப் பார்க்கும் கருவி இன்னொருவர் ஊரில் இப்படி ஆனது. இந்த ஊரில் இருந்துகொண்டு மாசற்ற என்று நான் எழுதமாட்டேன்" என்றார். சொல்லை அடித்துவிட்டேன்.

போகரைப் பற்றி எனக்குச் சிறிது மனத்தாங்கல் இருந்தது. பழனி மலைமேலுள்ள முருகன் திருவுருவை நவபாடாணத்தாற் செய்தவர் போகர் என்பது மரபு. அம்மலைத்தொடரிலே நின்றுகொண்டு அவர் பெயரை விடுவதா? அத்தையோ, "நான் சித்தமருத்துவம் படித்தவளா? பாளையங்கோட்டையில் அரசினர் சித்தமருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. இன்று அந்தப் பட்டத்துக்கு ஐந்தரை ஆண்டு படிக்கிறார்கள். பதிவு செய்துகொண்டுதான் மருத்துவம் பார்க்கிறார்கள். படித்தவர்களுடைய பாட்டனாரை நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்றார். இவ்விடத்தில் மாமா, ஒரு சட்டமும் உண்டு என்று நினைவூட்டினார். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் பற்றிய சட்டம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய நோய்களை வரிசைப்படுத்தி, அவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. அட்டவணையில் 54 நோய்கள் உள்ளன. என் 'தீராத பிணிகளையெல்லாம்' என்னும் தொடர் ஐம்பத்து நான்கையும் ஒரே மூச்சில் விழுங்கியிருந்தது.

மூன்றாம் மாலை எழுதுவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. தாள் வெறுமையாய் இருந்தது. "அப்படியானால் நாம் யார் என்றுதான் எழுதுவது, அத்தை?" என்று சற்றுச் சினத்தோடு கேட்டேன். அவரும் எண்ணிப் பார்த்தார், விடை கூறவில்லை. வெளியே மூடுபனி இறங்கிப் பேரிக்காய் மரத்தை மறைத்தது. மாமா ஒத்தடத்திற்கு உப்பு வறுத்துக்கொண்டிருந்தார்.

இரவில் எனக்குத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அவ்வதிகாரம் மருந்தைவிட உணவின் அளவையே மிகுதியும் பேசும். அதன் முடிவில் மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் சொல்லப்படுகின்றன. நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பன மூன்று. நான்காவது, நோயாளியின் அருகிருந்து மருந்தை இயற்றிக் கொடுத்துப் பணிபுரிபவன். வள்ளுவர் அவனுக்கு உழைச்செல்வான் என்று பெயரிடுகின்றார். தேர்வுக்காக இதனை எத்தனையோ முறை ஒப்புவித்திருக்கின்றேன். அந்நான்காம் ஆள் யார் என்று ஒருமுறையும் எண்ணியதில்லை. காலையில் அத்தையிடம் சொன்னேன். அவர் வெந்நீர்ப் பானையைக் கீழே வைத்தார்.

"உழை என்றால்?"

"பக்கம், அத்தை. பக்கத்தில் போய் நிற்பவர்."

"முப்பத்தோரு வருடம் அதைத்தான் செய்தேன். இங்கேயும் அதைத்தான் செய்கிறேன். அதை எழுது. ஆனால் அந்தச் சொல்லைப் போடாதே, யாருக்கும் புரியாது."

இறுதியில் நான்காம் மாலை எழுந்த முகவுரை இது:

"இவ்வில்லத்தை நடத்துபவர் 31 ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றியவர். அவர் மருத்துவர் அல்லர். அவருடைய கணவர் அவருக்குத் துணையாயிருக்கிறார். இங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறோம், ஒத்தடம் கொடுக்கிறோம், வேது பிடிக்கிறோம், உங்களோடு நடந்து வருகிறோம், எளிய உணவு தருகிறோம். வலி சிறிது தணியலாம். நல்ல உறக்கம் வரலாம். எந்த நோயையும் நாங்கள் தீர்ப்பதில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்த வேண்டா. அதனைக் கையோடு கொண்டு வாருங்கள். காய்ச்சல் உள்ளவர்கள், ஒரு கால் மட்டும் வீங்கியவர்கள், கர்ப்பிணிகள், ஆறாத புண் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பதில்லை. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு வேது பிடிப்பதில்லை. மழைக்காலத்தில் மிகவும் குளிரும். கம்பளி கொண்டு வாருங்கள். காற்று நன்றாக இருக்கிறது."

கடைசி வரிக்கு முன்னுள்ள வரியோடு நிறுத்திவிடலாம் என்று யான் சொன்னேன். கடைசி வரியை அத்தைதான் வேண்டுமென்றார்.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. "வராதே என்று சொல்வதற்கு ஒரு பக்கமா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. சூன் மாதத்தில் வந்தவர் மே மாதத்தில் வந்தவரிற் பாதியினும் குறைவு. வீட்டு வாடகை குறையவில்லை. ஓரறையைப் பூட்டி வைத்து, வேலைக்கு வந்த பெண்ணை வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரச் சொன்னார்கள். அப்பெண்ணிடம் அதனைச் சொல்லும்போது யான் அங்கிருந்தேன். அவளுக்கும் என் வரிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மீண்டும் மலைக்குச் சென்றேன். ஒரு நாட் காலையில் பெரியவர் வந்தார். இம்முறை பேத்தியோடு வந்திருந்தார். காலுக்கென்று தைத்த தனிச் செருப்பு அணிந்து, கோலூன்றி, ஆனால் முன்போலவே நிமிர்ந்து நடந்தார். மாத்திரைப் பையைத் திறந்து காட்டிவிட்டே அமர்ந்தார். அத்தை அவர் பாதத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, சர்க்கரையில்லாத காபி கொடுத்தார். யான்தான் அதனை எழுதியவன் என்று அவரிடம் எவ்வாறு சொல்வது என்று அறியாமல் நின்றேன். அத்தையே சொல்லிவிட்டார். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், சினந்ததாகத் தெரியவில்லை.

"இப்போது என்ன எழுதியிருக்கிறாய்? படி, தம்பி, கேட்போம்."

கைபேசியை எடுத்துப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். கம்பளி கொண்டு வாருங்கள் என்னும் இடத்தில் தலையசைத்தார். முடிந்த பின்னும் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தவர்போல் சற்று நேரம் இருந்தார்.

"எல்லாம் சரிதான். ஆனால் முன்னே எழுதியதில் ஒரு பாட்டு இருந்தது, தம்பி. அதைக் கேட்டுத்தான் நான் வந்தேன்" என்றார்.

யான் அவருடைய காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவச் சென்றேன்.